உப்போடையூரும் ஒற்றைத் தும்மலும்

உலகம்மைக்கு வந்தது ஒரே ஒரு தும்மல்தான். அதுவும் சின்னத் தும்மல். பக்கத்து மேஜையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மாசானமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாய்க்குப் பாதி வழி போன கை அப்படியே நின்றது.

"என்னாச்சு?" என்றான்.

அச்.

"உலகு, நெசமாவா?"

அச்.

உலகம்மை எட்டி அவன் வாயைப் பொத்தினாள். தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகலில், ஊரே பார்க்க ஒரு பெண் ஒரு பையனின் வாயைப் பொத்துவது அந்தக் காலத்திலும் அவ்வளவு சாதாரணமில்லை. என்ன செய்ய? ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவன் சொன்ன வாக்கியம் அப்படி. "எங்களுக்குப் பூர்வீகம் உப்போடையூர்" என்று சொல்லித் தொலைத்திருந்தான்.

காதுக்காப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நகர்த்த முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது பழைய வழக்கம். பிள்ளை வீறிட்டு அழும், மாமன் வேட்டி நனையும், எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு புதிதாகச் சேர்ந்தது காப்பு. காதுமடலுக்குப் பின்னால், தோலுக்கடியில், கடுகளவு ஒரு சில்லு. முதலில் இதைக் கண்டுபிடித்தது டாக்டர்கள்தான். ஒரு குடும்பத்துக்கு ஏதாவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அதன் பெயர் காதில் விழுந்தவுடன் சில்லு ஒரு நரம்பைச் சுண்டிவிடும். தும்மல் வரும். ஆள் உஷாராகிவிடுவான். ஏன் தும்மல்? வெளியே கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஜனம் நாம். மணி அடித்தால் மதிக்கமாட்டோம், தும்மலை மதிப்போம். அது டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது.

மருந்தோடு நிறுத்தினார்களா? நம்ம ஆட்களா நிறுத்துவார்கள்! ஒவ்வொரு குடும்பமும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆகாதது என்று வைத்திருந்த அத்தனையையும் அதில் ஏற்றியது. உலகம்மை வீட்டுக்குக் கறுப்பு மாடு ஆகாது. வாசலுக்கு நேரே முருங்கை ஆகாது. தடியங்காய் ஆகாது. வெள்ளைப் பூசணி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்களே, அதுதான். கடைசியாக, உப்போடையூர்க்காரர்கள் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே விளக்கம், "ஆகாதுன்னா ஆகாது" என்பதுதான்.

காலப்போக்கில் ஜாதகப் பொருத்தம் போய்த் தும்மல் பொருத்தம் வந்துவிட்டது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்து, ஊர் பெயர் குலம் கோத்திரமெல்லாம் உரக்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் யாரும் தும்மாவிட்டால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம். முன்னெல்லாம் பிள்ளைகள் தும்மினால் "நூறு" என்று ஆயுசு சொல்லி வாழ்த்துவார்கள். இப்போது "என்ன ஆகலை?" என்று கேட்டார்கள். காப்பை எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம். பஸ் நிலையத்துக்குப் பின்னாலேயே ஒரு கடையில் எடுத்துவிடுவார்கள். ஆனால் எடுத்தவர்களுக்கு மூளிக்காது என்று பெயர். மூளிக்காதுக்காரர்களைப் பெற்றவர்களே வீட்டுப் படியேற்றமாட்டார்கள்.

உலகம்மையும் மாசானமுத்துவும் பாவூர்ச்சத்திரம் ரோட்டில் ஒரு மிளகாய்ப்பொடி ஆலையில் வேலை பார்த்தார்கள். அவள் பொடியின் காரத்தைச் சோதிக்கிறவள், அவன் இயந்திரத்தைக் கவனிக்கிறவன். ஒன்றரை வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவன் தண்ணீர்ப் பாட்டிலை இவள் குடித்திருக்கிறாள். காய்ச்சலில் இவள் படுத்துக்கிடந்தபோது அவன் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதில் உப்பு இல்லை. அதைத் தவிர ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவன் ஊர் பெயரைச் சொன்ன அந்த நிமிஷம்வரைக்கும்.

சொன்ன பிறகு வந்தது வினை. காப்பு அவன் குரலையும் ஊரையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அவன் வாயைத் திறந்தால் இவளுக்குத் தும்மல். அவன் பாவம், பேசாமல் இருக்கிற ஆளும் இல்லை. அவன் பேச்சைக் கேட்டுத்தான் இவளுக்கு அவனைப் பிடித்தே போனது.

ஆகவே இரண்டு பேரும் ஆலைக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். அங்கே தும்மலுக்கு மரியாதை கிடையாது. முகமூடி போட்டிருந்தாலும் முதலாளியிலிருந்து பூனைவரைக்கும் நாள் முழுக்கத் தும்மும். ஆலைக்குள் தும்மினால் மிளகாய், வெளியே தும்மினால் உப்போடையூர்.

"எடுத்துரேன் அதை" என்றான் மாசானமுத்து, அரவை இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்தி.

"எடுத்தா வீட்டுக்குப் போக முடியாது."

"அப்ப நா?"

"நீ வாய மூடிட்டு இரு."

"கல்யாணத்துக்கு அப்புறமும் வாய மூடிட்டே இருக்கணுமா?"

"நெறையப் பேரு அப்படித்தான இருக்காங்க" என்றாள் உலகம்மை. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து தும்மல்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். கோமதிநாயகத்துக்குப் பாத்திரக்கடை. எதையும் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து நல்லதா ஓட்டையா என்று சொல்கிற மனுஷன். அண்ணன் தவறிய பிறகு குடும்பத்தில் மூத்தவர் அவர்தான். மகள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தும்முனியா?"

"தும்முனேன்."

"அப்ப அதோட விட்ரு."

"அப்பா, ஒன்றரை வருசமா அவங்கூட ஒரே மேசைல சாப்புடுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"இப்ப ஆச்சா, இல்லையா?"

"ஊரு பேரச் சொன்ன பொறவுதான ஆச்சு!"

"ஆச்சுல்லா? நானும் அதத்தான் சொல்லுதேன்."

"எனக்கு அவனப் புடிச்சிருக்குப்பா."

"ஒனக்குப் புடிச்சாப் போதுமாட்டி? மூக்குக்குப் புடிக்கண்டாமா?"

 உலகம்மை அம்மாவைப் பார்த்தாள். ஆவுடையம்மாள் எந்தப் பேச்சிலும் தானாக வந்து ஒரு வார்த்தை போடுகிறவள். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாவது கட்சியாகச் சேருகிறவள். அன்றைக்கு என்னவோ கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள். இலை தீர்ந்து காம்பு வந்த பிறகும் உருவினாள்.

அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் கோமதிநாயகத்துக்குப் பக்கத்தில் உலகம்மை உட்கார்ந்திருந்தாள். இலையில் காசி அல்வா வந்தது. பளபளவென்று, நெய் விட்டு, முந்திரி தூக்கலாக. கோமதிநாயகத்துக்கு உலகத்தில் இரண்டு பலவீனங்கள். ஒன்று, பித்தளை. இன்னொன்று, காசி அல்வா. இரண்டாம் தடவை வாங்கினார். மூன்றாம் தடவைக்குப் பரிமாறுகிறவனைக் கண்ணாலேயே கூப்பிட்டார்.

உலகம்மை கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் சமையல்கட்டுப் பக்கம் போய்வந்திருந்தாள். அங்கே மலைபோல் குவிந்துகிடந்த தோலைப் பார்த்திருந்தாள். அவளுக்கு ஒரு குறும்பு தோன்றியது. தோன்றியதை அடக்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அல்வா எப்படிப்பா இருக்கு?"

"அமிர்தம்ட்டி."

"ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"அல்வா என்னட்டி பண்ணும்? சின்ன வயசுலேர்ந்து திங்கேன். கிடைச்சா வாளியோட திம்பேன்."

"அது தடியங்காய்ல செஞ்சதுப்பா."

அச்!

பந்தியே திரும்பிப் பார்த்தது. உலகம்மை தனக்கு வந்த தும்மலை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு வெற்றியோடு சிரித்தாள். அப்பா இப்போது யோசிப்பார், ஐம்பது வருஷம் தின்று ஒன்றும் ஆகாதது பெயரைக் கேட்டவுடன் எப்படி ஆகாமல் போகும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள்.

கோமதிநாயகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளைவிடப் பெரிய வெற்றியோடு சொன்னார். "பாத்தியா! ஆகலைல்லா!"

அல்வாவை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. கை கழுவப் போகும்போது மட்டும் ஒரு தடவை திரும்பி இலையைப் பார்த்தார். உலகம்மைக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. பாவம், மனுஷனுக்கு இருந்ததே ஒரு தின்பண்டம். அதையும் பெயர் சொல்லிக் கெடுத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று தெரிந்துபோனது. காப்புக்குக் கண் இல்லை, நாக்கு இல்லை. யாராவது சொல்லிக் காதில் விழுவதுதான் அதற்குத் தெரியும். மற்றதெல்லாம் எதிரே மலையாக நின்றாலும் தெரியாது.

அந்தத் தைரியத்தில் காப்பு அலுவலகத்துக்குப் போனாள். குளிரூட்டிய அறை. பளிச்சென்று ஒரு பெண், அதைவிடப் பளிச்சென்று ஒரு சிரிப்பு.

"ஏத்தின ஒண்ண எடுக்கணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டாள் உலகம்மை.

"தாராளமா எடுக்கலாம் மேடம். குடும்பத்துல மூத்தவர் தன் வாயால சொல்லணும். நா இதோட நெருங்கிப் பழகியிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு. அவர் காப்பே அதுக்குச் சாட்சியா இருக்கணும். பன்னிரண்டு வருஷம் தொடர்ந்த பழக்கம். நடுவுல ஒரு தும்மல்கூட இருக்கக்கூடாது."

"பேரக் கேட்டாலே தும்மல் வருமே?"

"ஆமா மேடம், கண்டிப்பா வரும்."

"வந்தா?"

"அது ஆகாதுங்கறதுக்கு இன்னொரு ஆதாரமா ஏறிடும்."

"அப்பப் பன்னிரண்டு வருஷம் தும்மாம எப்படிம்மா பழகறது?"

"அதனாலதான் மேடம் இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒண்ணையும் எடுத்ததில்ல" என்றாள் அந்தப் பெண் பெருமையோடு. "எங்க காப்பு அவ்வளவு நம்பகமானது."

உலகம்மைக்கு அந்த மேஜையைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல் இருந்தது. கனமான மேஜை. விட்டுவிட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிப் பொருமினாள். அப்பா, "நல்ல ஏற்பாடுதான்" என்றார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா மட்டும் திரும்பினாள்.

"தெரியாமப் பழகுனாலும் கணக்கா?"

"என்னம்மா?"

"இன்னதுன்னு தெரியாமலே பன்னிரண்டு வருசம் பழகிருந்தா? அது கணக்குல வருமான்னு கேக்கேன்."

"பழகுனதுதான் கணக்குன்னு சொன்னா. தும்மியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

தோசை கருகும் வாசனை வந்தது. ஆவுடையம்மாள் தோசை சுட ஆரம்பித்த நாளிலிருந்து கருக விட்டதில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"ஞாயித்துக்கெழமை அந்தப் பையனை வரச்சொல்லு" என்றாள்.

"ஏளா, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் கோமதிநாயகம்.

"வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகட்டும். தும்மல் வந்தாத் தும்முங்க. தும்மிச் செத்தவன் எவனும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மாசானமுத்து வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் ஒரு தாம்பாளத்தில் பழம், பூ, ஒரு டப்பா நிறையக் காசி அல்வா. மாமாவுக்குப் பிடிக்கும் என்று எப்போதோ உலகம்மை சொல்லியிருந்தாள். பந்தியில் நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டாள். கோமதிநாயகம் அந்த டப்பாவைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. கும்பிட்டான். சிரித்தான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். காப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் பொருத்தம் பார்க்க வந்த இடத்தில் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டால் கோமதிநாயகத்துக்குத் தூக்கம் வராது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

அவன் உலகம்மையைப் பார்த்தான். உலகம்மை கூரையைப் பார்த்தாள்.

"ஊரக் கேட்டேன் தம்பி. வாயில்லையா?"

"உப்போடையூர் மாமா."

மூன்று தும்மல், ஒரே சமயத்தில். அப்பா, அம்மா, மகள். அலமாரியில் டம்ளர்கள் கிணுங்கின.

கோமதிநாயகம் எழுந்துவிட்டார். "முடிஞ்சுது. பொருத்தம் இல்ல. தப்பா நெனச்சுக்கிடாதீங்க தம்பி. ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. ஒங்க ஊருக்கும் எங்க குடும்பத்துக்கும் காலங்காலமா ஆகாது. ஒங்க வீட்லயும் ஏத்தி வச்சிருப்பாங்களே."

"இல்லையே மாமா."

அச். "இல்லையா?"

"எங்க அய்யாட்டயும் கேட்டுட்டேன். எங்க ஊர்ல ஒங்க குடும்பத்த யாருக்கும் தெரியாது மாமா."

அச். அந்தத் தும்மலைவிட அந்தப் பதில்தான் கோமதிநாயகத்தைத் தாக்கியது. நாலு தலைமுறையாகக் கட்டிக் காத்த பகை. எதிர்க்கட்சிக்குத் தகவலே போய்ச் சேரவில்லை!

"தெரியாதா? எங்களையா? யாருக்குமேவா?"

"ஆமா மாமா. கோவிச்சுக்கிடாதீங்க."

அச்.

மாசானமுத்து இதற்கு மேல் அந்த மனுஷனைத் தும்மவைக்க விரும்பாமல் எழுந்துகொண்டான். உலகம்மையும் எழுந்தாள். 

"அப்பா, நா இப்பவே போயி இத எடுத்துட்டு வாரேன்."

"எடுத்துட்டு இந்த வாசப்படி ஏறாத."

சொல்லும்போது கோமதிநாயகத்தின் குரல் உடைந்துவிட்டது. ஒரே மகள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்பா அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் செருப்பைத் தேடினாள். கண்ணீரில் இடது எது வலது எது என்று தெரியவில்லை.

"இங்கேருங்க" என்றாள் ஆவுடையம்மாள். "உக்காருங்க. மூக்கத் தொடச்சிக்கிட்டு உக்காருங்க."

"என்னளா?"

"நா எந்த ஊரு?"

"இது என்ன கேள்வி? தென்காசி. கூலக்கடைத் தெரு."

"அது எங்கப்பா பொழைக்க வந்த எடம். அதுக்கு முன்னால?"

கோமதிநாயகம் முழித்தார். முப்பது வருஷத்தில் அதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆவுடையம்மாள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆழமாக ஒரு மூச்சு விட்டாள்.

"உப்போடையூர்" என்றாள்.

எல்லோரும் தும்மினார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகத் தும்மியது அவள்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தும்மலில் வந்ததா வேறு எதிலாவது வந்ததா என்று சொல்ல முடியாது.

"கல்யாணத்தன்னைக்கி ஒங்க வீட்டு ஆகாததையெல்லாம் எங்காதுல ஏத்தினாங்க. ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, எனக்கு நானே ஆகாதவன்னு. ஓடியா போக முடியும், தாலி ஏறின பொறவு? அன்னையிலேர்ந்து என் ஊரு பேர நா வாயால சொன்னதில்ல. எங்கப்பா செத்தப்ப, நீங்க வந்து சேருததுக்கு முன்னால, எல்லாரும் ஊரச் சொல்லி ஒப்பாரி வச்சாங்க. நா மட்டும் வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். எல்லாரும் அடக்கமான பொம்பளன்னாங்க."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கோமதிநாயகம் தும்மிக்கொண்டிருந்தார். இனி அவள் குரல் காதில் விழும்போதெல்லாம் அவருக்குத் தும்மல்தான். அது தெரிந்துதான் அவள் பேசினாள். அவர் காதைப் பொத்தவில்லை. தும்மிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம்மைக்குத்தான் முதலில் உறைத்தது.

"அப்பா! முப்பது வருசம்! ஒரு தும்மல் இல்ல! நீங்கதான் மூத்தவரு!"

காப்பு அலுவலகத்தைப் போனில் பிடித்து, ஒலியைக் கூட்டி, அப்பாவின் காதருகே வைத்தாள். மனுஷர் யாரும் இல்லை, இயந்திரக் குரல்தான். அது கோமதிநாயகத்தின் காப்பைத் தூரத்திலிருந்தே துழாவியது. துழாவ அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"முப்பது வருடம் தொடர்ந்த பழக்கம் இருக்கிறது" என்றது. "அந்தக் காலத்தில் தும்மல் இல்லை. ஆனால் இன்று பல தும்மல்கள் பதிவாகியுள்ளன. அவை எதனால்?"

 கோமதிநாயகம் பொய் சொல்லாதவர். ஓட்டைப் பாத்திரத்தை ஓட்டை என்று சொல்லித்தான் விற்பார். காப்பிடம் பொய் சொன்னால் குலத்துக்கே ஆகாது என்று அவர் அப்பா சொல்லியிருந்தார். அவர் மனைவியைப் பார்த்தார். மகள் கையில் ஒற்றைச் செருப்பு இருப்பதைப் பார்த்தார்.

"ஜலதோசம்" என்றார்.

"ஏற்கப்பட்டது. உங்கள் அனுபவத்தை உங்கள் வாயால் சொல்லவும்."

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தார். பாதியிலேயே தோரணை கழன்றுவிட்டது.

"இவ உப்போடையூர்க்காரி." அச். "அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். முப்பது வருசமா இவ கையாலதான் சாப்புடுதேன். கடை தீப்புடிச்சு எல்லாம் போன பொறவு நா கூரையப் பாத்துக் கெடந்தேன், இவதான் எழுப்பி உக்காரவச்சா. இவளால எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்ல." அழுகை வருகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளைப் பையன் முன்னால் அழுவதா? சமாளிக்க ஒரு கேலி தேவைப்பட்டது. "என்ன, உப்போடையூர்க்காரங்களுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி." அச். "அவ்வளவுதான்."

"நன்றி. உப்போடையூர் நீக்கப்பட்டது."

ஆவுடையம்மாள் மெதுவாக, பயந்து பயந்து, "உப்போடையூர்" என்றாள். ஒன்றும் வரவில்லை. "உப்போடையூர்" என்றாள் உரக்க. ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஊரின் ஓடையை, கோயிலை, அவள் ஏறி விழுந்த நாவல் மரத்தை, தெருவில் திரிந்த கொம்பில்லாத கிடாவை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். முப்பது வருஷத்துப் பேச்சு. மாசானமுத்து, "அந்த நாவ மரம் இன்னும் நிக்கி அத்தே!" என்றான். அத்தையாம்! உலகம்மை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பேசு, எதையாவது பேசு" என்றாள். அவன் பேசினான். அவள் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

போன் திரும்ப ஒலித்தது.

"வாடிக்கையாளருக்கு வணக்கம். உங்கள் குடும்பத்துக்குப் புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. உப்போடையூர்க்காரர்கள், வாய் ஜாஸ்தி, ஆகாது. ஆதாரம், மூத்தவரின் முப்பது வருட நேரடி அனுபவம்."

"என்ன சொன்னீங்க?" என்று ஆவுடையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

அச். அச். அச்.

"ஏம்மா, அது கேலிக்குச் சொன்னதும்மா!" என்று போனைப் பார்த்துக் கத்தினார் கோமதிநாயகம். "அத எடுத்துருங்க!"

"கேட்டுவந்த நம்பிக்கை என்றால் எடுக்கலாம். மூத்தவர் பட்டுத் தெரிந்துகொண்டதை எடுக்க விதி இல்லை. நன்றி."

"வாயா ஜாஸ்தி எனக்கு? முப்பது வருசமா ஊரு பேரக்கூடச் சொல்லாம வாய மூடிட்டுக் கெடந்த எனக்கா?" ஆவுடையம்மாள் விடுவதாக இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் வீடே தும்மியது, அவளும் சேர்த்து. மாசானமுத்து மட்டும் சும்மா நின்றான். சமாதானப்படுத்தலாம் என்று அவன் வாயைத் திறந்ததில் நிலைமை இன்னும் மோசமாகியது.

உலகம்மை கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்ததும் எழுந்து வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"அப்பா, நீங்க பொய் சொல்லல. அது நீங்க அம்மாகூட வாழ்ந்து பாத்தது. ஆனா அது ஒங்களோடது. இவனுக்கு வாய் ஜாஸ்தியா கம்மியான்னு நா பாத்துக்கிடுதேன். எம் பிள்ளைக்கி ஒங்க தும்மலும் வேண்டாம், எந் தும்மலும் வேண்டாம். நா போயி இத எடுக்கப் போறேன். படி ஏறக்கூடாதுன்னா வாசல்ல நின்னுட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றாள். எடுத்துட்டு இந்த வாசப்படி ஏறாத என்று அவர் திரும்பச் சொல்வார். சொன்னால் போய்விடவேண்டியதுதான்.

 சமையல்கட்டுக்குள் போய்விட்ட ஆவுடையம்மாளின் குரல் இன்னும் ஓயவில்லை. கோமதிநாயகம் தும்மினார், துடைத்தார், திரும்பத் தும்மினார். மூக்கு மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்துவிட்டது. கை தானாகப் போய்க் காதுக்குப் பின்னால் தடவியது.

"அந்தக் கடைக்காரன் ஒரு காதுக்கு எவ்வளவு கேக்கான்?" என்று மகளிடம் ரகசியமாகக் கேட்டார். "மூணு காதுன்னாக் கொறைப்பானா?"